சந்தாதாரர்கள் 2 கோடி, பங்கு விலை அரை டாலர்: 4கே ஆவணப்பட ஓடிடி மீது முதலீட்டாளர்களுக்கு ஏன் இத்தனை சந்தேகம்?

யூடியூபில் அறிவியல், பொறியியல், வரலாறு சேனல்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு 2020, 2021 வாக்கில் ஒரு விளம்பரம் கிட்டத்தட்ட மனப்பாடமாகியிருக்கும். வீடியோ முடிகிற நேரத்தில் அந்த யூடியூபரே வந்து, ஆவணப்படங்களுக்கு மட்டுமே ஒரு ஓடிடி இருக்கிறது, கீழே உள்ள லிங்க்கை க்ளிக் செய்தால் இன்னொரு ஓடிடியும் இலவசம், ஆண்டுக்கு 15 டாலர் கூட ஆகாது என்று சொல்வார். அந்த ஓடிடியின் பெயர் க்யூரியாசிட்டி ஸ்ட்ரீம். கூடவே இலவசமாக வந்தது நெபுலா.

ஆண்டுக்கு 15 டாலர் என்றால் மாதத்துக்கு ஒன்றேகால் டாலர். அதற்கு இரண்டு ஆப். பார்ப்பவருக்கு ஜாக்பாட். ஆனால், அந்த நிறுவனத்தின் பங்கை வாங்கியவருக்கு? அவருக்கு அப்போதே ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும். பலருக்குத் தாமதமாகத்தான் வந்தது.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் இயங்கும் இந்தச் சிறிய நிறுவனத்தின் பங்கு 2021 பிப்ரவரியில் 13.50 டாலருக்குப் புதிதாக விற்கப்பட்டது. 2023 இறுதியில் அதே பங்கு அரை டாலரை ஒட்டிக் கிடந்தது. பிறகு 2025இல் 5 டாலரைத் தாண்டி எழுந்தது. இந்தக் காலம் முழுவதும் ஆப் அதேதான். டைனோசர், விண்வெளி, எகிப்து, இரண்டாம் உலகப்போர் எல்லாம் அப்படியே இருந்தன. மாறிக்கொண்டே இருந்தது முதலீட்டாளர்களின் சந்தேகம்தான்.

யார் ஆரம்பித்தது?

ஜான் ஹென்ட்ரிக்ஸ். பெயர் தெரியாவிட்டாலும் அவர் வேலை தெரியும். 1985இல் டிஸ்கவரி சேனலைத் தொடங்கியவர் இவர்தான். வெறும் ஆவணப்படத்தை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று அன்றைக்குக் கேட்டவர்களுக்கு, உலகம் முழுக்க ஓடிய ஒரு சேனலையே பதிலாகக் கொடுத்தவர். 2014இல் டிஸ்கவரியிலிருந்து ஓய்வு பெற்றார். 2015 மார்ச்சில் க்யூரியாசிட்டி ஸ்ட்ரீமைக் கொண்டுவந்தார்.

கணக்கு எளிமையானது. டிஸ்கவரி மாதிரி சேனல்கள் ரியாலிட்டி ஷோ பக்கம் போய்விட்டன. உண்மையான ஆவணப்படம் பார்க்க ஆசைப்படுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு விளம்பரமே இல்லாமல், மாதம் 2.99 டாலருக்குக் கொடுக்கலாம். பெரிய டிவி வைத்திருப்பவர்கள் 9.99 டாலர் கொடுத்தால் அல்ட்ரா ஹெச்டி, அதாவது 4கே தரத்தில் பார்க்கலாம். ஸ்டீபன் ஹாக்கிங்கை வைத்து எடுத்த 'ஸ்டீபன் ஹாக்கிங்ஸ் ஃபேவரிட் பிளேசஸ்' தொடர் போன்ற சொந்தத் தயாரிப்புகளும் வந்தன.

முதல் சந்தேகம்: 4கேவுக்கு யார் காசு கொடுப்பார்கள்?

சாதாரண ஃபுல் ஹெச்டி படத்தில் சுமார் 20 லட்சம் பிக்சல்கள். 4கே படத்தில் சுமார் 83 லட்சம். நான்கு மடங்கு. பவளப்பாறையையோ பனிச்சிறுத்தையின் ரோமத்தையோ 55 இன்ச் டிவியில் பார்த்தால் வித்தியாசம் தெரியும். 6 இன்ச் போனில் பார்த்தால்? பெரும்பாலான கண்களுக்குத் தெரியாது.

செலவோ எல்லோருக்கும் தெரியும். 4கேயில் பார்க்க நொடிக்கு 15 மெகாபிட் வேகமாவது வேண்டும் என்பது நெட்ஃபிளிக்ஸ் தரும் கணக்கு. ஒரு மணி நேரத்துக்கு 7 ஜிபி வரை போகும். அந்த டேட்டா உங்கள் பக்கம் மட்டும் செலவாவதில்லை. அனுப்புகிற நிறுவனமும் தன் பக்கம் ஒவ்வொரு ஜிபிக்கும் காசு கட்டுகிறது. ஆக, 4கே பிளான் வாங்கியவர் நிறையப் பார்க்கப் பார்க்க நிறுவனத்துக்குச் செலவு ஏறும். அவர் கொடுக்கும் சந்தா ஏறாது.

போட்டியும் கம்மியில்லை. நெட்ஃபிளிக்ஸ் 2014இலேயே 4கே தரத்தைக் கொண்டுவந்துவிட்டது. யூடியூபில் 4கே இலவசம். ஆக, 'எங்களிடம் 4கே இருக்கிறது' என்பது 2015இல் ஒரு சின்ன நிறுவனத்துக்குத் தனி அடையாளம். 2020இல் அது ஹோட்டல் வாசலில் 'ஏசி உண்டு' என்று போர்டு வைப்பது போலத்தான். இல்லையென்றால் குறை, இருந்தால் ஆச்சரியமில்லை.

ஆனாலும் 2020இல் இந்தச் சந்தேகத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காரணம், அந்த ஆண்டே அப்படி. ஊரடங்கு. எல்லோரும் வீட்டில். எந்த ஓடிடி பங்கைத் தொட்டாலும் ஏற்றம்.

பின்வாசல் வழியாகப் பங்குச்சந்தைக்கு

அந்த அலையில்தான் 2020 அக்டோபரில் க்யூரியாசிட்டி ஸ்ட்ரீம் நாஸ்டாக்கில் பட்டியலானது. வழக்கமான ஐபிஓ வழியில் அல்ல, 'ஸ்பேக்' வழியில்.

ஸ்பேக் என்றால்? ஒரு கும்பல் முதலில் எந்தத் தொழிலும் இல்லாத ஒரு காலி கம்பெனியைப் பங்குச்சந்தையில் பட்டியலிடும். பங்கு வழக்கமாக 10 டாலர். 'நல்ல கம்பெனி ஒன்றைத் தேடிப்பிடித்து இணைக்கிறோம், நம்பிப் பணம் கொடுங்கள்' என்பதுதான் பேச்சு. தேடிய கம்பெனி கிடைத்ததும் இரண்டும் இணையும். காலி கம்பெனியின் இருக்கையில் நிஜக் கம்பெனி வந்து உட்கார்ந்துகொள்ளும். பெண் பார்க்கும் முன்பே மண்டபம் புக் செய்வது மாதிரி.

இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. ஆனால், வழக்கமான ஐபிஓவை விட ஸ்பேக்கில் எதிர்கால வருமானக் கணிப்புகளைத் தாராளமாகப் பேச முடிந்தது. 2020, 2021இல் ஸ்பேக் வழியாக வந்த ஏராளமான நிறுவனங்களின் பங்குகள் பின்னாளில் 10 டாலருக்குக் கீழே சரிந்தன. அந்தப் பட்டியலில் இதுவும் ஒன்று.

முதலில் எல்லாம் நன்றாகவே போனது. 2019இல் 1.8 கோடி டாலராக இருந்த ஆண்டு வருவாய் 2020இல் கிட்டத்தட்ட 4 கோடி ஆனது. 2021இல் 7.13 கோடி. சந்தாதாரர் எண்ணிக்கை சுமார் 2 கோடி என்று நிறுவனம் அறிவித்தது.

2 கோடி! நெட்ஃபிளிக்ஸ் பக்கத்தில் வைத்தால் சிறியதுதான். ஆனால், ஆவணப்படம் மட்டுமே போடுகிற ஒரு கம்பெனிக்கு?

கால்குலேட்டரை எடுங்கள்

இங்கேதான் விஷயமே இருக்கிறது. போனில் கால்குலேட்டரைத் திறந்து 7.13 கோடியை 2 கோடியால் வகுத்துப் பாருங்கள். ஒரு சந்தாதாரருக்கு ஆண்டுக்கு சுமார் 3.56 டாலர். மாதத்துக்கு 30 சென்ட்.

ஆனால், அந்த நேரத்தில் நேரடியாகச் சந்தா கட்டினால் மிக மலிவான ஆண்டு பிளானே 19.99 டாலர். 4கே பிளான் 69.99 டாலர். 2 கோடி பேரும் மலிவு பிளானையே வாங்கியிருந்தால் கூட வருவாய் 40 கோடி டாலர் வந்திருக்க வேண்டும். வந்தது 7 கோடி. மீதி எங்கே?

பதில்: 2 கோடியில் பெரும்பாலானோர் க்யூரியாசிட்டிக்கு நேரடியாகக் காசு கட்டியவர்களே அல்ல. கேபிள், டிடிஹெச், மொபைல் நிறுவனங்களின் கூட்டுத் திட்டங்களில் 'இதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்' என்று வந்தவர்கள். நம்மூர் உதாரணமே இருக்கிறது. டாடா ஸ்கை பிஞ்ச் திட்டத்தில் சன் நெக்ஸ்ட், ஜீ5, சோனி லிவ் ஆகியவற்றோடு க்யூரியாசிட்டி ஸ்ட்ரீமும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. சன் நெக்ஸ்ட்டில் படம் பார்க்க அந்தத் திட்டத்தை எடுத்த ஒருவர், க்யூரியாசிட்டி பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் இருந்திருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்காக நிறுவனத்துக்குக் கிடைப்பது ஒரு சின்னத் தொகை.

இதை நிறுவனம் மறைக்கவில்லை. கூட்டுத் திட்டங்கள் வழியாக வருபவர்களையும் சேர்த்துத்தான் இந்த எண்ணிக்கை என்று வெளிப்படையாகவே சொன்னது. ஆனால் '2 கோடி' என்பது தலைப்பில் இருந்தது. விளக்கம் அடியில் இருந்தது. தலைப்பைப் படித்து வாங்கியவர்களின் சந்தேகம், அடிக்குறிப்பைப் படித்த பிறகு ஆரம்பித்தது.

அதோடு அந்த 7.13 கோடி முழுக்கச் சந்தா வருவாயும் அல்ல. தன்னிடம் உள்ள படங்களை மற்ற சேனல்களுக்கு, ஓடிடிகளுக்கு உரிமம் கொடுத்து வாங்கிய பணமும் அதில் உண்டு. அதையும் கழித்தால் அந்த 30 சென்ட் இன்னும் சுருங்கும்.

வருவாய் உண்டு, காசு இல்லை

அடுத்த சந்தேகம் கொஞ்சம் நுணுக்கமானது. கணக்குப் பிள்ளைகளுக்கு மட்டும் புரிகிற சமாச்சாரம் என்று தாண்டிப் போக வேண்டாம், நிஜத்தில் எளிதுதான்.

ஊடகத் துறையில் படங்களைப் பண்டமாற்று செய்வது உண்டு. என் படத்தை நீ காட்டு, உன் படத்தை நான் காட்டுகிறேன். இரண்டு பக்கமும் பணம் கைமாறாது, அல்லது கொஞ்சமாகத்தான் மாறும். ஆனால், கொடுத்த உரிமத்தின் மதிப்பைக் கணக்குவிதிகளின்படி வருவாயாக எழுதலாம். க்யூரியாசிட்டியின் உரிம வருவாயிலும் இத்தகைய பண்டமாற்று ஒப்பந்தங்கள் இருந்தன. ஆண்டறிக்கைகளில் அது தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, அதுதான். சம்பளம் கொடுக்க, சர்வர் வாடகை கட்ட, யூடியூபர்களுக்கு விளம்பரக் காசு கொடுக்க நிஜமான டாலர் வேண்டும். அது நஷ்டத்தில் தெரிந்தது. 2022இல் வருவாய் 7.8 கோடி டாலராக உயர்ந்தது. நிகர நஷ்டம் சுமார் 5.1 கோடி. 2023இல் வருவாயே 5.7 கோடிக்கு இறங்கியது. நஷ்டம் சுமார் 4.9 கோடி. அந்த ஆண்டு, கையில் இருந்த படைப்புகளின் மதிப்பையே கணிசமாகக் குறைத்து எழுத வேண்டியிருந்தது. வாங்கி வைத்த சரக்கு நினைத்த விலைக்குப் போகாது என்று நிறுவனமே ஒப்புக்கொள்வதற்கு ஒப்பானது இது.

இந்தக் காலத்தில்தான் எல்லாத் திசையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் போயிருந்தது. நெபுலாவில் 2021இல் 60 லட்சம் டாலர் போட்டு 12 சதவீதப் பங்கு. ஜெர்மனியில் ஸ்பீகல் டிவியுடன் ஒரு கூட்டு நிறுவனம். பேராசிரியர்களின் விரிவுரைகளைத் தரும் ஒன் டே யூனிவர்சிட்டியை வாங்கியது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் உண்டு. சேர்த்துப் பார்த்தால், எந்தத் தொழிலில் இருக்கிறோம் என்று முடிவு செய்யாத கம்பெனி மாதிரி தெரிந்தது.

கையில் உள்ள காசை விட மலிவாகப் போன கம்பெனி

நாஸ்டாக்கில் ஒரு விதி உண்டு. தொடர்ந்து 30 வர்த்தக நாள்கள் பங்கு ஒரு டாலருக்குக் கீழே முடிந்தால் எச்சரிக்கைக் கடிதம் வரும். சரிசெய்ய 180 நாள் அவகாசம். முடியாவிட்டால் பட்டியலிலிருந்து நீக்கும் நடவடிக்கை தொடங்கலாம். க்யூரியாசிட்டிக்கும் அந்தக் கடிதம் வந்தது.

2023 இறுதியின் நிலவரம் இது. மொத்தப் பங்குகள் சுமார் 5.3 கோடி. ஒன்று அரை டாலரை ஒட்டி. அப்படியென்றால் மொத்தக் கம்பெனியின் சந்தை மதிப்பு 3 கோடி டாலருக்கும் கீழே. அதே நேரத்தில் நிறுவனத்தின் கையில் இருந்த பணமும் முதலீடுகளும் மட்டும் 4 கோடி டாலரை நெருங்கியிருந்தன. கடனும் இல்லை.

அதாவது பர்ஸில் 400 ரூபாய் இருக்கிறது, பர்ஸையும் சேர்த்து 300 ரூபாய்க்குத் தருகிறேன் என்றாலும் வாங்க ஆள் இல்லை. ஏன்? 'அந்த 400 ரூபாயை இவர்கள் அடுத்த ஆண்டுக்குள் செலவழித்துத் தீர்த்துவிடுவார்கள்' என்று சந்தை நினைத்தது. இதைவிடக் கடுமையாக ஒரு கம்பெனி மீது சந்தேகப்பட முடியாது.

நஷ்டத்தில் இருக்கும்போது டிவிடெண்டா?

2024 மார்ச்சில் நிறுவனம் ஒரு வேலை செய்தது. பங்குக்கு 2.5 சென்ட் என்று காலாண்டு டிவிடெண்ட் அறிவித்தது. முந்தைய ஆண்டு கிட்டத்தட்ட 5 கோடி டாலர் நஷ்டம் காட்டிய கம்பெனி!

ஆண்டுக்கு 10 சென்ட். பங்கு ஒரு டாலர் என்று வைத்துக்கொண்டால் 10 சதவீதம். எந்த பேங்க் எஃப்டியும் தராத வருமானம். சிலருக்கு இது நம்பிக்கை. சிலருக்கு இது கவர்ச்சி லைட். மிகப்பெரிய பங்குதாரர் நிறுவனர் ஹென்ட்ரிக்ஸ்தான் என்பதால், டிவிடெண்டில் பெரிய பங்கு அவருக்கே போகும் என்பதையும் சிலர் சுட்டிக்காட்டினார்கள். அதையே திருப்பியும் பார்க்கலாம்: அவர் காசும் அங்கேதான் மாட்டியிருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 5.3 கோடி பங்குக்கு 2.5 சென்ட் என்றால் காலாண்டுக்கு சுமார் 13 லட்சம் டாலர். நிறுவனம் முதல்முறையாக நிகர லாபம் காட்டிய 2025 முதல் காலாண்டில் அந்த லாபமே சுமார் 3 லட்சம் டாலர்தான். லாபத்தை விட அதிகமாக எப்படிக் கொடுக்க முடிகிறது?

இங்கே ஒரு விளக்கம் தேவை. ஓடிடி நிறுவனம் ஒரு ஆவணப்படத்துக்கு இந்த ஆண்டு 10 லட்சம் டாலர் செலவழித்தால், அதை ஒரே ஆண்டில் செலவாக எழுதுவதில்லை. பல ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதும். ஆகவே முன்பு தாராளமாகப் படம் எடுத்துவிட்டு இப்போது செலவைச் சுருக்கிய நிறுவனத்துக்குக் கையில் பணம் மிஞ்சும். ஏட்டில் மட்டும் பழைய படங்களின் செலவு இறங்கிக்கொண்டே இருக்கும். 2023க்குப் பிறகு க்யூரியாசிட்டி செய்தது இதுதான். படைப்புகளுக்கும் விளம்பரத்துக்கும் செலவை வெட்டியது. மாதச் சந்தாவை 2.99லிருந்து 4.99 டாலராக உயர்த்தியது. கையில் பணம் மிஞ்ச ஆரம்பித்தது. 2024இல் நிகர நஷ்டம் சுமார் 1.3 கோடி டாலராகச் சுருங்கியது. பங்கு மீண்டும் ஒரு டாலரைத் தாண்டி, நாஸ்டாக் சிக்கலும் தீர்ந்தது.

சரி, நல்ல செய்திதானே என்றால், பாதிதான். புதிய படங்களுக்குச் செலவைக் குறைத்து டிவிடெண்ட் கொடுப்பது விதை நெல்லைச் சமைத்துச் சாப்பிடுவது ஆகிவிடாதா என்பது அடுத்த சந்தேகம். புதிதாக எதுவும் வராத ஓடிடியில் எத்தனை மாதம் இருப்பீர்கள்? டைனோசர் படம் பழசாகாது, ஒப்புக்கொள்வோம். ஆனால், விண்வெளித் தொலைநோக்கி பற்றிய 2016ஆம் ஆண்டுப் படம் ஜேம்ஸ் வெப் வந்த பிறகு பழசுதான்.

ஏஐ வந்தது, பங்கு எழுந்தது

2025இல் பங்கை 5 டாலருக்கு மேல் தூக்கியது ஆவணப்படம் பார்க்கும் மக்கள் அல்ல. ஏஐ நிறுவனங்கள்.

வார்த்தையைக் கொடுத்தால் வீடியோ செய்து தரும் ஏஐ மாடல்களுக்குப் பயிற்சி கொடுக்க மலைமலையாக வீடியோ வேண்டும். இணையத்தில் கிடைப்பதை எல்லாம் அள்ளிப்போட்டால் வழக்கு வருகிறது. 2023 டிசம்பரில் ஓப்பன்ஏஐ மீது நியூயார்க் டைம்ஸ் வழக்கு போட்டது. 2025 ஜூனில் மிட்ஜர்னி மீது டிஸ்னியும் யூனிவர்சலும் போட்டன. அதனால் உரிமை தெளிவாக உள்ள வீடியோவுக்குக் காசு கொடுத்து வாங்குவது பாதுகாப்பு. ஆவணப்படம் இதற்குத் தோதானது. யானை நடக்கிறது என்றால் நிஜமான யானை, நிஜமான வெளிச்சத்தில் நடக்கிறது. கூடவே அது என்ன என்று விவரிக்கும் குரலும் எழுத்தும் இருக்கிறது.

போனில் பார்ப்பவருக்குத் தேவைப்படாத 4கே, இங்கே மதிப்பு பெறுகிறது. மனிதக் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூடுதல் பிக்சல்களை ஒரு மாடலால் பயன்படுத்த முடியும். பத்து ஆண்டுகளுக்கு முன்பு பெரிய டிவிக்காரர்களை நினைத்துச் சேர்த்த சரக்கை, டிவியே பார்க்காத வாடிக்கையாளர் வாங்குகிறார்.

2025 முதல் காலாண்டு வருவாய் 1.51 கோடி டாலர். இரண்டாம் காலாண்டில் 1.9 கோடி. அதில் கிட்டத்தட்ட பாதி உரிமம் வழியாக வந்தது. டிவிடெண்டையும் நிறுவனம் உயர்த்தியது.

இப்போதைய சந்தேகம் இந்த உரிமப் பணத்தைப் பற்றியது. சந்தா என்பது மாதாமாதம் வருவது. உரிமம்? ஒரு ஏஐ நிறுவனம் ஒருமுறை வாங்கிப் பயிற்சி கொடுத்துவிட்டால் அதே வீடியோவை மறுபடி வாங்குமா? ஒப்பந்தம் ஓராண்டுக்கா, பல ஆண்டுகளுக்கா? ஏஐயே நல்ல ஆவணப்படக் காட்சிகளை உருவாக்க ஆரம்பித்துவிட்டால், அதற்குக் கற்றுக்கொடுத்த ஓடிடிக்கு யார் சந்தா கட்டுவார்கள்?

நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி கிளின்ட் ஸ்டின்ச்கோம்ப் இந்த உரிமத் தொழிலைத்தான் வளர்ச்சிக்கான வழியாக முன்வைக்கிறார். சந்தேகப்படுபவர்கள் காலாண்டு அறிக்கையில் இரண்டு வரிகளைத் தேடுகிறார்கள்: உரிம வருவாயில் எவ்வளவு திரும்பத் திரும்ப வரக்கூடியது, புதிய படைப்புகளுக்கு எவ்வளவு செலவாகிறது. சந்தாதாரர் எத்தனை கோடி என்ற கேள்வி அந்த உரையாடலில் இப்போது பின்வரிசைக்குப் போய்விட்டது.